பதினெட்டு வளையக் கேக்

1. வேனுக்குள் படுத்த கேக்

அபுதாபி முசஃபாவில் நான் பேக்கரி வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது மாதம், மூன்றடுக்குக் கல்யாணக் கேக் ஒன்று வேனுக்குள்ளேயே படுத்துவிட்டது. டெலிவரிக்குக் கூடப் போனது நான்தான். வில்லா வாசலில் இருந்த ஸ்பீட் பிரேக்கரை டிரைவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்து என்ன செய்ய, ஸ்டியரிங் அவன் கையில் இருந்தது.

எங்கள் மேனேஜர் காயல்பட்டினத்துக்காரர். அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அப்படித்தான் கூப்பிடுவோம். கத்தவே மாட்டார். மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம்.

"சவரி, உனக்கு புரொபேஷன் முடிய ஒரு மாசம் இருக்கு. இன்னொரு கேக் ஒடைஞ்சா நான் விசா பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டேன். கலாஸ், அவ்வளவுதான்."

நான் ஏற்கெனவே ஒருமுறை திரும்பிப் போனவன். குவைத்தில் மங்காஃபில் ஒரு ஹோட்டலுக்கு வேலைக்குப் போனேன், மூன்றே மாதத்தில் அதை இழுத்து மூடிவிட்டார்கள். பெட்டியும் கையுமாகத் தூத்துக்குடியில் இறங்கினால், தெருவில் பார்த்தவனெல்லாம் "என்னடே, அதுக்குள்ள லீவா?" என்று கேட்டான். கேட்ட ஒரு முகத்தைக்கூட நான் மறக்கவில்லை. இன்னொரு தடவை அந்தத் தெருவில் பெட்டியோடு நடக்க என்னால் ஆகாது.

2. மக்ரூனுக்குச் சொந்தக்காரன்

அடுத்த வாரம் டென்மார்க் நாட்டு மேடம் ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். மகளுக்குக் கல்யாணம். கையில் ஒரு போட்டோவும் ரெசிபி பேப்பரும். போட்டோவில், பெரிய வளையம் அடியில், அதற்குமேல் கொஞ்சம் சின்னது, அதற்குமேல் இன்னும் சின்னது என்று பதினெட்டு வளையம் கூம்பாக நின்றது. சுற்றிலும் குட்டிக் குட்டிக் காகிதக் கொடி.

"எங்க ஊர்ல கல்யாணம், ஞானஸ்நானம், புது வருஷம் எல்லாத்துக்கும் இதுதான். இது இல்லாம என் மகள் கல்யாணம் நடக்காது" என்று இங்கிலீஷில் சொன்னார். பேரையும் சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை. ஜாப் கார்டில் 'ரிங் கேக்' என்று எழுதிக்கொண்டேன்.

ரெசிபியைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. பாதாம், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான். பாதாமை எடுத்துவிட்டு முந்திரியைப் போட்டால் எங்கள் ஊர் மக்ரூன். எட்டு வருஷம் மக்ரூன் போட்ட கை இது. அந்தத் திமிரில் பேப்பரைச் சரியாகப் படிக்காமல், பழக்கதோஷத்தில் வெள்ளைக்கருவை நுரைக்க நுரைக்க அடித்துவிட்டேன். வளையமெல்லாம் மெதுவடை மாதிரி உப்பி வந்தது. இதில் அடிக்கவே கூடாது, பிசைந்து திரி மாதிரி உருட்ட வேண்டும். இரண்டாவது டிரயலில் சரியாக வந்தது.

மோல்டு எங்கேயும் கிடைக்கவில்லை. எதிர் வொர்க்‌ஷாப்பில் ஏசி டக்ட் செய்கிற சர்தார்ஜியிடம் அளவைக் கொடுத்தேன். பதினெட்டு வளையத்தையும் அழகாக வெல்டு பண்ணிக் கொடுத்துவிட்டு, "இது எந்த வண்டிக்கு, பாய்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

வளையங்களை ஐசிங் வைத்து அடுக்கு என்று பேப்பரில் இருந்தது. எனக்கு அந்த ஸ்பீட் பிரேக்கரைத் தவிர வேறெதுவும் ஞாபகம் வரவில்லை. சர்க்கரைப் பாகைச் சிவக்கக் காய்ச்சி, ஒவ்வொரு வளையத்துக்கும் அடியில் சுற்றித் தடவி ஒட்டினேன். ஆறியதும் கல்லாகிவிட்டது. உச்சியைப் பிடித்துத் தூக்கினேன், பதினெட்டும் சேர்ந்து வந்தது. காக்காவைக் கூப்பிட்டுத் தூக்கிக் காட்டினேன்.

"மாஷா அல்லாஹ். கீழ போட்டா தரைதான் ஒடையும்" என்றார்.

3. மாதாவிடம் மாற்றிக் கேட்டது

கல்யாணத்தன்று மத்தியான விருந்துக்கு முன்னாலேயே மேடம் வில்லாவுக்குப் போய்விட்டோம். ஒரு கீறல் இல்லை. மேடம் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். "எங்கம்மா செஞ்ச மாதிரியே இருக்கு. போயிடாதே, இருந்து பாரு." என் விசா முத்திரை விழுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

சாப்பாடு முடிந்ததும் பொண்ணும் மாப்பிள்ளையும் கேக் பக்கத்தில் வந்து நின்றார்கள். இரண்டு பேரும் சேர்ந்து உச்சி வளையத்தைப் பிடித்தார்கள். இதென்ன கூத்து, கேக்கை உச்சியைப் பிடித்தா எடுப்பார்கள் என்று பக்கத்தில் நின்ற விருந்தாளியைக் கேட்டேன்.

"மேலே தூக்குவாங்க. கையோட எத்தனை வளையம் ஒட்டிக்கிட்டு வருதோ, அத்தனை பிள்ளை பிறக்கும்னு எங்க பழக்கம். வழக்கமா ரெண்டு மூணு வரும்" என்றார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. காலையிலிருந்து "பனிமய மாதாவே, ஒடையாம காப்பாத்து" என்று வேண்டிக்கொண்டிருந்தவன், அந்த நிமிஷமே மாற்றிக் கேட்டேன். "தாயே, மூணாவதுல ஒடையட்டும். சரி, ஆறாவதுல."

மாதா என் முதல் வேண்டுதலைத்தான் எடுத்துக்கொண்டாள். முழுக் கேக்கும் மேலே வந்தது.

மாப்பிள்ளை லேசாக உதறிப் பார்த்தார். ஒரு கொடி மட்டும் விழுந்தது. ஒரு தாத்தா விரலை நீட்டிச் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். பத்தைத் தாண்டியதும் மொத்தக் கூட்டமும் சேர்ந்து எண்ணியது. பதினெட்டு என்றதும் பொண்ணு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

"எனக்கு முப்பத்தொன்பது வயசாச்சு" என்றது மாப்பிள்ளையைப் பார்த்து. "ஒன்பது நான் பெத்துக்கறேன். மிச்சம் ஒன்பது நீ பெத்துக்க."

சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் நிஜமான பிரச்சினை. கேக்கைத் தின்ன வேண்டுமே, கத்தி இறங்கவில்லை. வேன் டூல் பாக்ஸிலிருந்து ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் எடுத்துவந்து, சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுத்தேன். பொண்ணோட அப்பா கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு உடைத்தார்.

மேடம் நேராக என்னிடம் வந்தார். "யார் இப்படி ஒட்டச் சொன்னது?"

பொய் சொல்லத் தெம்பில்லை. ஸ்பீட் பிரேக்கர், புரொபேஷன், மங்காஃப், எல்லாவற்றையும் தெரிந்த இங்கிலீஷில் கொட்டிவிட்டேன். கேட்டுவிட்டு அங்கேயே காக்காவுக்கு போன் போட்டார். பேசிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார். என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம், தெருவில் கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் யோசித்தேன்.

காக்கா பேப்பரை மேஜைமேல் வைத்துக் காத்திருந்தார். "ஒடைஞ்சா கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னேன். தானா ஒடையவே இல்ல, சுத்தியல் வச்சுத்தான் ஒடைச்சோம்னு அந்தம்மா சொல்றாங்க. நான் என்ன செய்ய?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

4. இப்போது நான் கேட்கும் கேள்வி

புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அளவு கேட்போம், ஃப்ளேவர் கேட்போம், டெலிவரி டைம் கேட்போம். வாங்கிக்கொண்டு போய் அதை என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்க மாட்டோம். அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து அதே பொண்ணு கடைக்கு வந்தது. இரட்டைத் தள்ளுவண்டி, இரண்டு பெண் குழந்தைகள். காக்கா எட்டிப் பார்த்து, "சவரி, ரெண்டு வந்தாச்சுடா" என்றார்.

ஞானஸ்நானத்துக்கு ரிங் கேக் வேண்டுமாம். நான் ஜாப் கார்டை எடுத்தேன். "இந்தத் தடவை என்ன செய்வீங்க மேடம், தூக்குவீங்களா?"

"யாரும் தூக்கப் போறதில்லை" என்றது. "ஆனா ஒட்டாதீங்க, சவரி. ஒரு வளையம்கூட ஒட்டாதீங்க."