லாபம்… ரெண்டு… மூணு…

நம்ப முடியாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில்.

ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு தனியார் நடுநிலைப் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஜூனிலும் தாளாளர் வைத்தியலிங்கம் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் சோறு. எட்டாம் வகுப்புக்கு வரலாறு என்றாலே கொட்டாவி. அதனால் 1876-இல் வந்த தாது வருஷப் பஞ்சத்தை ஒரு துப்பறியும் விளையாட்டாக மாற்றினேன். எங்கள் வகுப்பறையே அந்தக் காலத்து நெல் கிடங்குதான். பிள்ளைகள் ஒளித்து வைத்த சீட்டுகளைத் தேடிப் படித்து, கிடங்கு நெல்லைக் களவாண்டது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் நான் எழுதிய விடை, நெல்லைப் பதுக்கிவிட்டுப் பழியை ஊரார்மேல் போட்ட பண்ணையார். தாளாளர் வாங்கிப் படித்தார்.

"கோமு டீச்சர், எங்க பூட்டன்தான் இங்கன பண்ணையாரு. அவரு பேர்லதான் பள்ளிக்கூடமே ஓடுது. அவரயா களவாணியாக்குதீங்க?"

"கதைதான சார்…"

"அப்பம் நெல்லு அளக்க வந்த கூலிக்காரன் எடுத்தான்னு எழுதுங்க."

"அவனுக்கு என்ன பேரு சார் வைக்க?"

"சங்கிலிபூதத்தான்."

ஒரு நொடி கூட யோசிக்கவில்லை அவர். நானும் மாற்றிவிட்டேன். ரோஷமெல்லாம் ஒப்பந்த ஆசிரியைக்குக் கட்டுப்படியாகாது.

2024 பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை. மதியம் 2.50. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினேன். கையடக்க ஸ்பீக்கரில், நான் பதிவு செய்திருந்த என் தம்பியின் குரல் நெல் அளந்தது. ஒண்ணு… ரெண்டு… மூணு… பதினெட்டோடு நின்றுவிடும். ஒரு கோட்டை நெல் என்றால் இருபத்தொரு மரக்கால். மூன்று குறைகிறது. அளந்தவன் திருடன் என்பதற்கு அதுதான் துப்பு.

முன் பெஞ்சில் இருந்த தேன்மொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்பா களத்தில் நெல் அளப்பவர்.

"ஒண்ணுன்னு சொல்ல மாட்டாக டீச்சர். மொத மரக்காலுக்கு லாபம்னுதான் சொல்லுவாக."

என் தம்பி வண்ணார்பேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கிறவன், அவனுக்கு எப்படித் தெரியும். அடுத்த தடவை திருத்திவிடலாம் என்றேன்.

முப்பத்தொரு பிள்ளைகளும் சரியான விடை எழுதினார்கள். திருடன் சங்கிலிபூதத்தான். எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போட்டேன். போடும்போது கை கூசியது.

4.10. மணி அடித்தது. எல்லோரும் போய்விட்டார்கள். துணிகளைக் கழற்ற தேன்மொழி மட்டும் நின்றாள். ஸ்பீக்கரை அணைத்துக் கையில் எடுத்துக்கொண்டேன்.

4.22. பக்கத்து அறையில் ஏதோ கொட்டும் சத்தம்.

சர்ர்ர்…

அதே கிடங்கின் மறுபாதி அது, உடைந்த பெஞ்சுகளைப் போட்டு நடுக்கதவை வருடக்கணக்காகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். எலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு ஓர் ஆண் குரல்.

லாபம்…

தேன்மொழியைப் பார்த்தேன். அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

சர்ர்ர்… ரெண்டு…

என் தம்பியின் குரல் இல்லை. வறண்ட தொண்டை. தண்ணீர் கண்டு பல நாளானது போல.

கையிலிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை.

…பதினேழு… பதினெட்டு…

நின்றுவிடும் என்று நினைத்தேன்.

நிற்கவில்லை.

பத்தொம்பது…

இருபது…

இருபத்தொண்ணு…

அமைதி.

நடுக்கதவுக்கு அந்தப் பக்கம்… என் காதுக்கு நேராக…

"கொறையல."

4.31க்கு நாங்கள் இருவரும் தெருவில் நின்றோம். எப்படி ஓடினோம் என்று தெரியாது. என் காலில் செருப்பு இல்லை.

மே மாதம் அந்த அறைக்கு டைல்ஸ் போடத் தரையைப் பெயர்த்தார்கள். நான் வகுப்பில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கொத்தனார் இஸ்ரவேல் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். இடுப்பளவு ஆழத்தில் எலும்புகள். மனித எலும்புகள். பக்கத்தில் நெல் அளக்கும் ஓர் இரும்பு மரக்கால், துருப்பிடித்து.

தாளாளர் வந்தார். குனிந்து பார்த்தார். முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"சங்கிலி இங்கனதான் கெடக்கான்னு எங்க அய்யா சொல்லுவாக," என்றார். பிறகு இஸ்ரவேலிடம், "பைய மூடிரும் வே."

சாயங்காலத்துக்குள் சிமெண்ட் போட்டாயிற்று. ஜூனில் என் ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டார். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. காறித் துப்புங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

அந்த விளையாட்டு வருடா வருடம் நடக்கிறது. ஒலிப்பதிவில் 'ஒண்ணு' என்று இருந்ததை 'லாபம்' என்று திருத்திவிட்டேன்.

விடை அப்படியேதான் இருக்கிறது.