டயரில் கை வைத்தவர்

பிள்ளைகளே, திடலில் பிளாஸ்டிக் கூம்புகளைச் சுற்றி வேகமாக ஓட்டும் போட்டிக்கு முதன்முதலாக நமது காரை ஆயத்தம் செய்தேன். புரண்டுவிடுமோ என்று உள்ளூரப் பயம். காரினுள் உருளவோ நழுவவோ கூடிய எதுவும் இருக்கக் கூடாதென்பது விதி. ஜாக், குடை, மிதியடி எல்லாம் இறக்கிவிட்டு, ஏறாவூர் டயர்க்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் மெலிந்தவர், வெள்ளைத் தொப்பி போட்டவர்; அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றுதான் அவரை அழைப்போம். காற்றை அளந்த பிறகும் ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். பின் டயரில் கை நின்றது.

"தம்பி, பின்னுக்கு இரிக்கிறவரையும் இறக்கிட்டு ஓட்டுங்க."

"ஒருத்தரும் இல்லையே நானா. பகிடி விடாதீங்க."

"பகிடியில்ல. திருப்பத்துல அவருக்குப் பிடிக்க ஒண்டுமில்ல, பாவம்."

அவர் சிரிக்கவில்லை. அவர் கைக்கு என்ன தெரிந்ததோ, இன்றும் விளங்கவில்லை.

போட்டியன்று, என் முறைக்கு முன், காரை வாவியோரம் தனியே நிறுத்தினேன். பின்கதவைத் திறந்து, ஒருவர் மெல்ல இறங்குமளவு நேரம் பிடித்திருந்துவிட்டு மூடினேன்.