அம்மா கால்ல நான் இட்ட நலங்கு

அக்கா கல்யாணத்துக்கு முந்தின நாள் நான்தான் அம்மா காலை அழகு பண்ணினேன். வேற யார் மேலயும் பழி போட முடியாது.

அப்போ எனக்குத் திமிர்னா அப்படியொரு திமிர். மைசூர்ல பி.ஏ. படிக்கற பொண்ணாச்சே! காலேஜ் ரீடிங் ரூம்ல ஒரு இங்கிலீஷ் பத்திரிகைல, பாதத்தைப் பட்டு மாதிரி ஆக்கறது எப்படின்னு படம் போட்டிருந்தான். வெந்நீர், கல்லு, பிளேடு, கிரீம். அவ்ளோதான், நானே எக்ஸ்பர்ட். சம்பந்தி மாமிகள்லாம் அம்மாவோட வெடிச்ச குதிகாலைப் பாத்து மூஞ்சி சுளிக்கப்படாதேன்னு ஒரே பரபரப்பு எனக்கு.

ஊறப்போட்டு, கல்லால தேய்ச்சு, குதிகாலை வழவழன்னு ஆக்கிட்டேன். மெட்டி போட்டிருந்த வெரலோரத்துல கெட்டியா ஒரு காய்ப்பு. அப்பாவோட ஷேவிங் பிளேடால அதையும் சீவினேன். ரத்தம் எட்டிப் பாத்தது.

"வலிக்கறதாம்மா?"

"இல்லையேடி. தொட்டதே தெரியல."

"பாத்தியா என் கைய! இதுக்குன்னே லண்டன்ல கடை வெச்சிருக்காளாம்."

அம்மாவுக்கு நீரிழிவு. அது எனக்குத் தெரியும். நீரிழிவுல கால் மரத்துப்போய் வலியே தெரியாதுங்கறது தெரியாது. அந்த ரத்தத்து மேலயே மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்ச நலங்கைப் பட்டையா இட்டேன். நாலு நாள் கல்யாணம். தெனம் காலம்பற பழசு மேல புதுசு. வெரல் செவந்தது யாருக்குத் தெரியப் போறது? காலே செவப்பு. ஒரு சம்பந்தி மாமி, "காலெல்லாம் என்ன லட்சணம்!"னா. நான் ஈன்னு இளிச்சேன்.

அக்காவப் புக்காத்துக்கு அனுப்பின மறுநாள் அம்மாவுக்குக் குளிர் ஜுரம். கிட்டப் போனா ஒரு நாத்தம். வாடின மல்லிப்பூன்னு நெனச்சு மாலையெல்லாம் வாரி எறிஞ்சேன். நாத்தம் போகல. ஜட்கா வண்டி வெச்சுண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்க ஒரு நர்ஸ், மார்டள்ளிங்கற தமிழ்க் கிராமத்துக்காரா. முழங்கைய விட்டுத் தண்ணிச் சூடு பாத்தா. தேய்க்கவே இல்ல. பஞ்சால ஒத்தி ஒத்தி, ஒவ்வொரு வெரல் இடுக்கா, கொழந்தையக் குளிப்பாட்டற மாதிரி. நான் அன்னிக்கு பாத்திரம் தேய்ச்ச மாதிரின்னா தேய்ச்சேன்! நலங்கு கரையக் கரைய அடிலேர்ந்து அந்த வெரல் வெளில வந்தது. கத்திரிக்காக் கலர்ல.

"யாரு கண்ணு பிளேடு வெச்சது?"

"நான்தான்."

"படிச்ச புள்ளையாட்ட இருக்கறே." வேற பஞ்சை எடுத்துண்டா. ரெண்டு அறை விட்டிருந்தாத் தேவல.

அப்பறம் அம்மாகிட்ட, "மெட்டிய எடுக்கோணுங்கம்மா. இறுக்கிப் புடிச்சிருக்குது, வெரலுக்கு ரத்தமே போக மாட்டீங்குது"ன்னா.

அம்மா காலை வெடுக்குன்னு இழுத்துண்டா. "அவர் உயிரோட இருக்கறச்சே மெட்டியக் கழட்டறதாவது!"

"அம்மா, கால் போயிடும்மா. கெஞ்சிக் கேக்கறேன்மா."

"போனாப் போறது."

வராண்டாவுக்கு ஓடி அப்பா கையப் புடிச்சு இழுத்துண்டு வந்தேன். அப்பா வாசப்படியத் தாண்டல. செவுத்தைப் பாத்துண்டே, "எடுத்துடச் சொல்லு"ன்னார். அம்மா அவரையே கொஞ்ச நாழி பாத்தா. அப்பறம் காலை நீட்டினா. நர்ஸ் சின்னக் கொறடால வெள்ளிய நறுக்கி எடுத்தா. அது இருந்த எடத்துல கறுப்பா ஒரு வளையம்.

டாக்டர் வந்து பாத்துட்டு, நாளைக்குக் காலம்பற வெரலை எடுத்துடணும், இன்னும் பரவாம இருந்தா பாதம் தப்பும்னு கன்னடத்துல சொல்லிட்டுப் போயிட்டார்.

அம்மா அழல. என்னைக் கூப்ட்டா. "ஏண்டி, வெரலே போயிட்டா இனிமே மெட்டிய எதுல போட்டுக்கறது?"

நறுக்கின மெட்டி என் கைலதான் இருந்தது. "பக்கத்து வெரல்லம்மா"ன்னேன். வேற என்ன சொல்லட்டும்?

நர்ஸ் என்னைப் பாத்தா. நான் குனிஞ்சு பாத்தேன். பக்கத்து வெரலும் செவந்திருந்தது. அது போகாம நின்ன நலங்கா, வேறயான்னு எனக்குச் சொல்லத் தெரியல.