செக்கரக்காவின் வூஃபர்

பெட்டி வாங்கியது செக்கரக்கா. அதில் பாட்டுப் போட்டுக் கேட்டதும் அவள்தான். ஆனால் சத்தம் தாங்க முடியவில்லை, ரூமைக் காலி பண்ணச் சொல்லுங்கள் என்று ஹவுஸ் ஓனர் போன் பண்ணியது அவளுடைய அண்ணனுக்கு. இது எந்த ஊர் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

சட்டைக் கம்பெனியில் தைத்து வருகிற சட்டைகளில் பழுது இருக்கிறதா என்று செக் பண்ணுவது அவள் வேலை. பட்டன் ஆடினாலோ, காலர் கோணினாலோ, ஒரே ஒரு தையல் விட்டுப்போனாலோ அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. அதனால்தான் கம்பெனியில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் செக்கரக்கா. வயது நாற்பத்தாறு. கல்யாணம் அமையவில்லை. அண்ணன் பார்த்த மாப்பிள்ளைகள் யாரையும் அவளுக்குப் பிடிக்கவில்லை, அவளுக்குப் பிடித்த ஒருவனை அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் வீட்டு ஹாலில், டீவிக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தே பாதி ஆயுசு போயிற்று. அவர்கள் டீவியை அணைத்தால்தான் அவளுக்குத் தூக்கம். போன வருஷம் ஒருநாள், போதுமடா சாமி என்று கம்பெனிக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு ரூம் பார்த்துக்கொண்டு வந்துவிட்டாள். ஃபேனுக்கு நேர் கீழே ஒரு கட்டில், ஒரு பீரோ, ஓர் அடுப்புமேடை, அவ்வளவுதான். ஆனால் கதவைச் சாத்தினால் அது அவள் ரூம்.

இத்தனை வருஷம் தையல் மெஷின்களுக்கு நடுவே நின்றதில் காது கொஞ்சம் மழுங்கியிருந்தது. போனில் பாட்டுப் போட்டால் கொசு கத்துகிற மாதிரிதான் இருக்கும். கம்பெனி வேனில் மட்டும் பாட்டு பாட்டாகக் கேட்கும். டிரைவர் பின்சீட்டுக்கு அடியில் தாளச் சத்தத்துக்கென்றே ஒரு ஸ்பீக்கர் பெட்டி, வூஃபர், வைத்திருந்தார். பாட்டுக்கு அடியில் ஓடுகிற அந்தத் தொம் தொம் நேராக நெஞ்சுக்குள் இறங்கும். அந்தச் சீட்டுக்காக மற்றப் பெண்களோடு சண்டைகூடப் போட்டிருக்கிறாள். நடந்து போகிற தூரத்துக்கு ரூம் மாறினபிறகு வேனும் இல்லை, தொம்மும் இல்லை. நாமே ஒன்று வாங்கினால் என்ன என்று தோன்றியது.

டிரைவரிடம் யோசனை கேட்டாள். சின்ன ரூமுக்கு எட்டு இஞ்ச் தாராளம், ஓட்டை வைத்த பெட்டியென்றால் சின்ன ரூமில் கும்மென்று குழப்பியடிக்கும், மூடின பெட்டியாகப் பார்த்து வாங்கு என்றார். எல்லாம் சரி. தூக்கிவர ஆள் வேண்டுமே என்று அண்ணனைக் கூப்பிட்டாள் பாருங்கள், சொந்தச் செலவில் சூனியம் என்பது அதுதான். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் கடைக்காரன் அண்ணன் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னான். அண்ணனோ, வாங்குவதுதான் வாங்குகிறாய், பெரிசாக வாங்கு என்று பன்னிரண்டு இஞ்ச் பெட்டியைத் தட்டித் தட்டிக் காட்டினார். இந்தப் பூதத்தை ரூமில் வைத்துவிட்டு நான் மொட்டை மாடியில் படுப்பதா என்று அவள் கேட்டதற்குக் கடைக்காரன் சிரித்தான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்று, சின்ன வூஃபரும் அதோடு சேர்ந்த இரண்டு குட்டி ஸ்பீக்கரும்தான் வாங்கினாள்.

வாங்குவதில் அவள் ஜெயித்தாள், வைப்பதில் அண்ணன் ஜெயித்துவிட்டார். காலில் இடிபடக் கூடாது என்று வூஃபரை மூலையில் சுவரோடு சுவராகத் தள்ளினார். வயரை மாட்டினார். இனிமேல் இதை நகர்த்தாதே என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். மாடி ஏறித் தூக்கிவந்த மனுஷனை எப்படி எதிர்த்துப் பேசுவது என்று அவளும் விட்டுவிட்டாள்.

வந்தது வினை. நடு ரூமில் கட்டிலில் உட்கார்ந்தால் தொம் என்ற பேச்சே இல்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் நன்றாக அதிர்கிறது. ஏமாற்றிவிட்டானே பாவி என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே சத்தம் கூட்டுகிற குமிழைத் திருகினாள். தினம் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் இதே கதைதான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று குமிழ் முக்கால் வட்டம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அண்ணன் போன் வந்தது. ஓனர் சொன்னதைச் சொன்னார். என் மானத்தை வாங்கிவிட்டாய் என்றார். மத்தியானம் வண்டியோடு வருகிறேன், சாமானைக் கட்டி வை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவளுக்கு வந்தது பாருங்கள் கோபம். திரும்பவும் போய் அந்த டீவிக்குக் கீழே படுப்பதா? செத்தாலும் முடியாது.

பாட்டைக்கூட நிறுத்தாமல் நேராகப் போய்ப் பக்கத்து ரூம் கதவைத் தட்டினாள். அங்கே ஒரு பேக்கரி மாஸ்டரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். மாஸ்டர் விடியுமுன்னே வேலைக்குப் போகிறவர், சாயங்காலமே படுத்துவிடுவார். கதவைத் திறந்தது மனைவி. எனக்கே கேட்காத சத்தம் உனக்கு எங்கிருந்து கேட்டது, வாய் கூசாமல் பழி போடுகிறீர்களே என்று செக்கரக்கா பொரிந்து தள்ளினாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

உள்ளே கால் வைத்ததும் செக்கரக்காவுக்குக் கேட்டது. தொம், தொம், தொம். வேனில் கேட்ட அதே சத்தம், அதைவிடப் பெரிசாக. அலமாரியில் தட்டுகள் கிடுகிடுவென்று ஆடின. மாஸ்டர் தலைவைத்துப் படுக்கிற சுவரில் கை வைத்தாள், உள்ளங்கை அதிர்ந்தது. ஆசை ஆசையாய் வாங்கினதெல்லாம் இங்கே வந்து கொட்டிக்கொண்டிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னித்துக்கொள்ளம்மா என்று மனதாரச் சொன்னாள். ஆனாலும் நெஞ்சில் ஒரு முள் உறுத்தியது.

"என் கதவை ஒரு தட்டுத் தட்டியிருக்கக் கூடாதாம்மா? ஓனர் வரைக்கும் போகணுமா?"

"வரணும்னுதான்க்கா இருந்தேன். பெட்டி வந்த அன்னைக்கு உங்க அண்ணன் இங்க வந்து சொல்லிட்டுப் போனாரு. ஓனர்கிட்டயும் சொல்லிட்டாராம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது, எதுவா இருந்தாலும் என் காதுக்கு வரணும்னு."

ஒண்ணும் தெரியாதாம்! உழைத்துச் சாப்பிடுகிறவளுக்கு, தன் வாடகையைத் தானே கட்டுகிறவளுக்கு, ஒண்ணும் தெரியாதாம். செக்கரக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அழ நேரமில்லை. டிரைவருக்குப் போன் போட்டாள். மூலையில் வைத்தால் சுவரெல்லாம் சேர்ந்து அதிரும், நடு ரூமில் உட்கார்ந்தவளுக்கு ஒன்றும் கேட்காது என்றார் அவர். பெட்டியைத் தூக்கி நீ உட்காருகிற கட்டிலில் வை, பாட்டைப் போடு, நீ சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து போ, எங்கே தொம் சுத்தமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வை என்று வழி சொன்னார்.

இரண்டு பெண்களுமாக அவள் ரூமுக்கு வந்து பெட்டியைத் தூக்கிக் கட்டிலில் வைத்தார்கள். செக்கரக்கா முழங்காலும் கையும் ஊன்றித் தவழ்ந்தாள். மாஸ்டர் மனைவி முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அவளும் பின்னாலேயே தவழ்ந்தாள். பீரோவுக்குப் பக்கத்தில் கும்மென்று குழறியது. அடுப்புமேடைக்குக் கீழே ஒன்றுமே இல்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே வந்தபோது ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, நேராக நெஞ்சில் விழுந்தது. பெட்டியை அங்கே இறக்கி, சுவரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி வைத்து, அடியில் ரப்பர் துண்டு கொடுத்து, குமிழைக் கால் வட்டத்துக்குக் குறைத்தாள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். அப்பாடா! மாஸ்டர் மனைவி தன் ரூமுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, காதைத் தீட்டிக் கேட்டால்தான் தெரிகிறது, அவர் நன்றாகத் தூங்குவார் என்றாள்.

ரப்பரைச் சரிபண்ண செக்கரக்கா மறுபடி தரையில் குனிந்திருந்தபோது அண்ணன் வந்து நின்றார். சாமான் எதுவும் கட்டவில்லை, கீழே வண்டி நிற்கிறது, என்ன கூத்து இது என்று கேட்டார். நான் வரவில்லை என்றாள் அவள். மாஸ்டர் மனைவி, இப்போது சத்தமே இல்லை என்று சொல்ல வந்தாள். அவர் அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் சும்மா இருங்க. நான் ஓனர்கிட்ட பேசிக்கிறேன்" என்று போனை எடுத்து நம்பரை அழுத்தினார்.

அந்தப் பக்கம் எடுத்ததும் அண்ணன் ஹலோ என்றார். செக்கரக்கா எழுந்து, அண்ணன் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். மாடி ரூமிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். தப்பு தன்மேல்தான், சரிபண்ணியாயிற்று, பக்கத்து ரூமில் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றாள். ஓனர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போனை அண்ணனிடம் கொடும்மா என்றார்.

"அண்ணன் இங்க குடியில்லை சார். குடியிருக்கிறது நான். திட்டுறதா இருந்தாலும் நீங்க என்னைத்தான் திட்டணும். என் நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."

இரும்மா, பேனா எடுத்துவருகிறேன் என்றார் ஓனர். அண்ணன் போனுக்காகக் கையை நீட்டியபடியே நின்றார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னாள். திருப்பிச் சொல்லச் சொன்னாள். அதில் ஓர் எண் தப்பாக இருந்தது. அதைத் திருத்தி, மறுபடி முழுசாகச் சொல்லவைத்துக் கேட்டபிறகுதான் போனை அண்ணன் கையில் கொடுத்தாள்.