நாடா கோக்கத் தெரியாதவனின் ரப்பர் மீன்

எனக்கு எண்பத்தொரு வயது. வளர்த்தது ஆறு பேரை. ஐந்து நான் பெற்றது. ஆறாவது என் கொழுந்தன். மாமியார் கண்ணை மூடியபோது ஐந்து வயதில் என் இடுப்பில் ஏறியவன். சோறு ஊட்டியது நான். அவன் கால்சட்டைக்கு நாடா கோத்துக் கொடுத்ததும் நான்தான். பன்னிரண்டு வயதுவரை அவனுக்கு அது வரவேயில்லை. பாதி வழியில் துணியைச் சுருட்டி உருண்டையாக்கிக்கொண்டு வந்து நிற்பான். பிடுங்கி, நீவி, மறுபடி கோத்துக் கொடுப்பேன்.

ஜெலுத்தோங்கில் கடலுக்குப் பக்கத்தில் இருந்தோம். எங்கள் தீவுக்குக் கடல்மேல் பாலம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். சாயங்காலம் சமையலை முடித்துவிட்டு, கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கற்கரைக்குப் போய்த் தூண்டில் போடுவேன். ஆண்கள் நாலைந்து பேர் இருப்பார்கள், சீனர், மலாய்க்காரர். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டவன் என் வீட்டிலேயே இருந்தான்.

ஆபிசில் கணக்கெழுதுகிற கிராணி வேலை கிடைத்ததிலிருந்து கொழுந்தனுக்குக் கழுத்து கொஞ்சம் நீண்டுபோயிருந்தது. ஆயர் ஈத்தாமில் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தோம். ஒருநாள் அடுப்படிக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் மீன் சட்டியைப் பார்த்துப் பேசினான்.

"அண்ணி, இனிமே கரைக்குப் போகாதீங்கலா. பொண்ணு வீட்டுக்காரங்க பஸ்ல போறப்ப உங்களப் பார்த்திருக்காங்க, தூரத்துல அடையாளம் தெரியல. கல்லு மேல கைலியோட நிக்கிற பொம்பள யாருன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

மீன் சட்டியின் மூடியை எடுத்து மறுபடி மூடினான்.

"என்ன சொன்ன தம்பி?"

"பக்கத்து வீட்டு அக்கான்னு சொன்னேன்."

கரண்டி என் கையில்தான் இருந்தது. அடிக்கவில்லை. இன்றைக்கும் அதற்காக வருத்தப்படுகிறேன்.

"மீன் வேணும்னா நான் பிடிச்சுட்டு வரேன்" என்றான். "இப்பெல்லாம் யாரு உயிர் இறால் போடுறா? தூண்டில்ல மாட்ட ரப்பர் மீன் வந்திருக்கு. காலம் மாறிடுச்சு."

"காலம் மாறலாம். மீனுக்கு யாரு சொன்னா?"

பேச்சு வளர்ந்து பந்தயத்தில் முடிந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ரப்பர் மீனைப் போட்டு அவன் ஒரு மீன் பிடித்தால் நான் தூண்டிலை உடைத்துப் போட்டுவிட வேண்டும். அதே ரப்பர் மீனில் நான் பிடித்தால், அவன் பெண் வீட்டுக்குப் போய், கல்லின் மேல் நின்றது பக்கத்து வீட்டு அக்கா இல்லை, தன்னை வளர்த்த அண்ணி என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று, நேரே முகத்தில். தண்ணீர் பாலத்துப் பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. கொழுந்தன் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பத்துப் பை வைத்த சட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்தான். மீனைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது. விரல் நீள ரப்பர் மீன்களை ஒரு பொட்டலத்திலிருந்து எடுத்தான். பூண்டு வாசம் அடித்தது.

"புளி கரைச்சு ஊத்துனா குழம்பே வைக்கலாம் போல" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

தலையில் ஈயம் வைத்த முள்ளை எடுத்து ரப்பருக்குள் குத்தினான். குத்தின இடம் ஓரம், வெளியே வந்த இடம் வேறு ஓரம். நடுவில் ரப்பர் சுருங்கி முதுகு கூனிப்போயிற்று. பார்த்ததுமே எனக்கு அந்தக் கால்சட்டை ஞாபகம் வந்தது.

வீசினான். கூனல் ரப்பர் நேராக நீந்துமா? பம்பரம் மாதிரி சுற்றியது, தூண்டில் நரம்பும் கூடவே முறுக்கிக்கொண்டது. ஈயம் லேசு என்பதால் அடுத்த வீச்சைக் காற்று திருப்பிக் காலடியிலேயே போட்டது. சரி என்று இருக்கிற ஈயத்திலேயே பெரியதை மாட்டினான். அது போய்க் கல்லிடுக்கில் உட்கார்ந்துகொண்டது. இப்படியே நாலு முள் போயிற்று. பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் எழுந்து வேறு கல்லுக்குப் போய்விட்டார்.

"காத்து சரியில்ல" என்றான்.

"காத்து என்ன, உனக்கு மட்டுமா அடிக்குது? கொண்டா இப்படி."

நடுத்தரமான ஈயம் ஒன்று எடுத்தேன். முள்ளை ரப்பருக்குப் பக்கத்தில் வைத்து, வளைவு எங்கே வருகிறதோ அங்கே நகத்தால் ஒரு கீறல் போட்டேன். மூக்கின் நடுவில் குத்தி, பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரியே ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக முள்ளின் மேல் ஏற்றி, கீறலில் வெளியே எடுத்தேன். சுருக்கத்தை நீவிவிட்டேன். ரப்பர் நேராக நின்றது. கல்லில் மாட்டாமல் இருக்க, முள்ளின் நுனியை முதுகுத் தோலுக்குள் லேசாக மறைத்துவைத்தேன்.

காற்று மூச்சு வாங்கும்வரை காத்திருந்து, என் பழைய தூண்டிலில் தண்ணீர் வருகிற பக்கமாகத் தாழ வீசினேன். கோலையும் தாழ்த்திப் பிடித்தேன், காற்றுக்கு நரம்பு சிக்கக் கூடாதே. இழுக்கவில்லை, ஓட்டமே தள்ளிக்கொண்டு வரட்டும் என்று நரம்பை மட்டும் தளராமல் சுருட்டினேன். மூன்று தடவை ஒன்றும் இல்லை. கொழுந்தன் தொண்டையைக் கனைத்தான். நாலாவது தடவை கோல் கையோடு வளைந்தது.

சியாக்காப், கொடுவா மீன். என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். நான் சுத்தம் செய்யவில்லை, வெட்டவில்லை. செய்தித்தாளில் சுற்றி அவன் கையில் கொடுத்தேன்.

"பஸ் வருது. போய்ச் சொல்லிட்டு வா."

பத்துப் பைச் சட்டையோடு, மீன் வாசத்தோடு, ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் ஏறிப் போனான். திரும்பி வந்து, "சொல்லிட்டேன் அண்ணி" என்றான். நானும் நம்பிவிட்டேன்.

கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான், அடுப்படியில் எனக்கு ஓரகத்தியாக வந்த அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு மீனோட வந்து என்ன சொன்னாருன்னு தெரியுமாக்கா? 'இது எங்க அண்ணி பிடிச்சது. அம்மா மாதிரி வளர்த்தவங்க. ரப்பர் மீன் கோக்க நான்தான் அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்'னாரு."

சொல்லிக் கொடுத்தானாம்! அன்றிலிருந்து இன்றுவரை கல்யாண வீடு, துக்க வீடு ஒன்று விடாமல் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறான். பென்ஷன் வாங்குகிற வயதாகிவிட்டது, இன்னும் வெட்கம் வரவில்லை. இப்போதும் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்துக்கொண்டு, என் பேரன்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதற்காகத்தான் மூன்றாம் வகுப்போடு நின்ற நான் சொல்லச் சொல்லப் பேத்தியை எழுதவைத்தேன்.

எழுதிட்டியாம்மா? முதல்லேருந்து படி, கேக்கிறேன். இங்க உக்காந்து இல்ல, ஹாலுக்குப் போய் நின்னு படி. அந்த நாடா விஷயம் வர்ற இடத்துல கொஞ்சம் சத்தமா.