எதிர் வீட்டுப் பூட்டு

1994-ஆம் வருடம், புரட்டாசி மாதம். சூரத்தில் பிளேக் வந்துவிட்டது என்று ரேடியோவும் பேப்பரும் அலறிக்கொண்டிருந்த நேரம். நாங்கள் அப்போது கோவை கணபதியில் ஒரு சந்துக்குள் இருந்த லைன் வீட்டில் குடியிருந்தோம். எதிரும் புதிருமாக ஆறு வீடுகள், நடுவில் இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற அளவுக்குப் பாதை, கடைசியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். எனக்கு எட்டு மாதம் முடிந்து வயிறு முன்னால் போக, நான் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். என் கணவர் தறி மெஷின் செய்கிற கம்பெனியில் ஃபிட்டர். புது மெஷின்களைப் பூட்டி ஓட்டிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அவரை எங்கே அனுப்பியிருந்தார்கள் தெரியுமா? சூரத்துக்கு.

நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் மாதத்தில் கட்டுச்சோறு விருந்து என்று செய்வோம். பெண்ணின் பிறந்த வீட்டார் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு என்று வகை வகையாகக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வருவார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாசலிலேயே நின்று ‘வாங்க’ என்று கேட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்து உள்ளே அழைத்துப் போவார்கள். எல்லாரும் சாப்பிட்டு, பெண்ணுக்கு வளையல் போட்ட பிறகுதான் அவளைப் பிரசவத்துக்கு அனுப்பி வைப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ‘வாங்க’ ஒரு சாதாரணச் சொல். எங்கள் ஊரிலோ, விருந்தில் உப்பு இல்லாவிட்டால்கூடச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுப் போவார்கள். ‘வாங்க’ என்று கேட்காமல் விட்டால் அடுத்த கல்யாணம் வரைக்கும் அதே பேச்சுத்தான்.

எனக்கு மாமியார் இல்லை. நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். நாத்தனாரும் கிடையாது. மாப்பிள்ளை வீட்டு சார்பில் வாசலில் யார் நிற்பது என்று நான் கவலைப்பட்டபோது, “நான் எதுக்கு அம்மணி இருக்கறேன்?” என்று ஒரே போடாகப் போட்டவர் எதிர் வீட்டு அக்கா. மில் வேலைக்குப் போகிற கணவர், இழுப்பு நோயால் அடிக்கடி மூச்சுக்குத் திணறுகிற ஒரே மகள், எந்நேரமும் வாயும் கையும் ஓயாத அக்கா என்று மூன்றே பேர் உள்ள குடும்பம். மசக்கையில் நான் எதைத் தின்றாலும் வாந்தி எடுத்த காலத்தில் கம்மங்கூழ் கரைத்துக் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். ஐப்பசி பிறந்ததும் விருந்து என்று முன்கூட்டியே நாள் குறித்தாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் சூரத் செய்தி வந்தது.

என் கணவர் எப்படியோ ரயில் பிடித்து வந்து சேர்ந்தார். ஸ்டேஷனில் டாக்டர் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். ஆனால் கூட்டத்தில் நின்றுகொண்டே வந்ததிலோ என்னவோ அவருக்கு இருமல். சந்து முனையில் இருமிக்கொண்டே நுழைந்தார். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டுக் கலைந்துபோனார்கள். எதிர் வீட்டு அக்கா மகளைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கேயோ வேகமாகக் கிளம்பினார்.

மத்தியானமே சுகாதாரத் துறை ஆட்கள் வந்துவிட்டார்கள். சந்து முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். நாங்கள் இருவரும் மறு உத்தரவு வரும்வரை வாசல்படி தாண்டக் கூடாது. எங்கள் சந்துக்குள் வெளியாட்கள் யாரும் வரக் கூடாது. சந்து முனையில் இருந்த பால்வாடிக்கு லீவு. அதை ஒட்டியிருந்த டீக்கடையில் பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டார்கள். கூடவே வந்த நர்ஸம்மா நல்ல பொறுமைசாலி. கணவர் முன் அறையில், நான் சமையலறையில் என்று பிரித்து வைத்தார். அவருக்குக் கொடுக்கிற மாத்திரையை கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க மாட்டார்களாம். அப்படியானால் எனக்கு என்ன மருந்து என்று கேட்டேன். “தள்ளி இருக்கறதுதானுங்க உங்களுக்கு மருந்து” என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா தன் வீட்டு வாசலிலேயே நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தமாகச் சொன்னார். “அம்மணி, நாந்தான் சுகாதார ஆபீசுல போயிச் சொல்லிப்போட்டு வந்தேன். என்ற புள்ளைக்கு ஏற்கெனவே மூச்சு உட முடியமாட்டீங்குது. எனக்கு வேற வழி தெரியலீங்க.”

ஒளித்து மறைத்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. செய்ததை வாசலில் நின்று கூவுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்மங்கூழ் கொடுத்த கையா இது என்று நினைத்தேன். கதவை டமாலென்று சாத்தினேன். அடுத்த நாள் அக்கா எங்களைப் பார்த்த ஜன்னலுக்குப் பழைய போர்வையை வைத்து அடைத்துவிட்டார். மற்ற வீட்டுக்காரர்கள் எங்கள் குடத்தை நிரப்பி, பத்தடி தள்ளி வைத்துவிட்டு ஓடுவார்கள். அக்கா அதுகூடச் செய்யவில்லை.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு அந்தச் சமையலறைக் கதவுதான் ஞாபகம் வருகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதே இல்லை. காலையில் எழுந்ததும் “பாப்பா உதைச்சுதா?” என்று கேட்பார். அவர் இருமும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். இருமல் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது என்று அவர் தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொள்வது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஆறுதலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வராதா என்று மனசு ஏங்கும்.

நல்லவேளை, அவருக்குக் காய்ச்சல் வரவில்லை. இருமலும் மெல்ல மெல்ல அடங்கியது. நர்ஸம்மா தினமும் வந்து பார்த்தார். முதலில் எங்களை வாசல்வரை வந்து நிற்கலாம் என்றார். அடுத்து, சந்துக்குள் காய்கறி வண்டிக்கு அனுமதி கிடைத்தது. பிறகு டீக்கடை பெஞ்சை நிமிர்த்திப் போட்டார்கள். பால்வாடியில் குழந்தைகள் கத்துகிற சத்தம் கேட்டது. கடைசியாக ஒருநாள், எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து, இருவரையும் சோதித்துவிட்டு, இனிமேல் பழையபடி இருக்கலாம், அம்மா வீட்டுக்கும் தாராளமாகப் போகலாம் என்று சந்துக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உயிர் வந்தது.

சர்க்கார் சொல்லிவிட்டதே தவிர, சந்து பழையபடி ஆகவில்லை. நான் குழாயடிக்குப் போனால் மற்றவர்களுக்கு அடுப்பில் ஏதாவது பொங்கும், உடனே வீட்டுக்குள் ஓடிவிடுவார்கள். எதிர் ஜன்னலில் போர்வை அப்படியே தொங்கியது. ஊரில் எங்கள் அப்பாவுக்கும் இதே கதைதான். விருந்துக்கு வேன் நிறைய வருவதாக இருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். ஒருவருக்கு மாடு ஈனப்போகிறதாம், ஒருவருக்கு முட்டிவலியாம். நாளைத் தள்ளி வைக்கலாம் என்றால் எனக்கு மாதம் தாண்டிவிடும், தலைப்பிரசவம் வேறு. “யார் வந்தா என்ன, வராட்டி என்ன, நாங்க வாரோம் கண்ணு” என்று அம்மா போனில் தைரியமாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

விருந்தன்று காலையில் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எதிர் வீட்டில் பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. நாளும் நேரமும் தெரிந்தவர், அதுவும் வாசலில் நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவர், வீட்டைப் பூட்டிக்கொண்டே போய்விட்டார். எனக்கு இருந்த கோபம் எல்லாம் வடிந்து வெறும் துக்கமாகிவிட்டது. திட்டுவதற்குக்கூட மனசில் தெம்பில்லை.

சந்து முனையில் வேன் வந்து நின்றது. அப்பாவும் அம்மாவும் மட்டும் இறங்கினார்கள். ஐம்பது பேருக்கு ஆக்கிய சோறு, பெரிய பெரிய பாத்திரங்களில். அம்மாவுக்குக் கை குறைத்து ஆக்கத் தெரியாது. டிரைவரும் என் கணவருமாகப் பாத்திரங்களை இறக்கி வாசலில் வைத்தார்கள். கணவர் கைகூப்பி ‘வாங்க மாமா, வாங்க அத்தை’ என்றார். ஆனால் பெண்கள் யாரும் இல்லாத வாசலில் எப்படி நுழைவது என்று தெரியாமல் இருவரும் அப்படியே நின்றார்கள். எனக்கு எழுந்து ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. அழைத்துப் போக வந்திருப்பதே என்னைத்தான், நானே எப்படி ‘வாங்க’ என்று கேட்பது? அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாத்தியிருந்த கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அம்மா புளிச்சோற்றுப் பாத்திரத்தின் மூடியைச் சும்மா சரி செய்துகொண்டே இருந்தாள். என் மகள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஒரு வாய் சாப்பிடக்கூட ஆள் இல்லையா என்று அவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! நான் உள்ளே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

அப்போதுதான் சந்து முனையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. “ஏந்தம்பி, ஊட்டுக்கு வந்த ஒறம்பரைய இப்படியா ரோட்டுல நிக்க வெக்கறது! வாங்கண்ணா, வாங்க! அக்கா, வாங்க!”

எதிர் வீட்டு அக்கா. புடவை வேர்வையில் நனைந்திருக்க, கையில் ஒரு மஞ்சள் பையோடு, கிட்டத்தட்ட ஓடி வந்தார். வந்த வேகத்தில் தன் வீட்டுப் பூட்டைக்கூடத் திறக்கவில்லை. நேரே எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். எங்கள் குடத்தைச் சாய்த்து, எங்கள் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் அப்பாவிடம் நீட்டினார். சொம்பு அவர் கையில் நடுங்கியது. அப்பா வாங்கிக் குடித்த பிறகு, மிச்சத் தண்ணீரைத் தானும் அண்ணாந்து குடித்தார்.

மறுபடியும் உள்ளே வந்து என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“பஸ்ஸு கெடைக்காம நேரமாயிருச்சு அம்மணி. விடியங்காட்டியே புள்ளையக் கூட்டிட்டுப் போயி பீளமேட்டுல என்ற தங்கச்சி ஊட்டுல உட்டுப்போட்டு வாரேன். அவ இங்க இருந்தா என்னால உன்ற ஊட்டுக்குள்ள வர முடியாது. மனசு ஒத்துக்காது.”

‘இன்னும் பயமா இருக்குதாக்கா?’ என்று கேட்டேன்.

“பின்ன, இல்லாமயா? வழியெல்லாம் சாமி கும்புட்டுட்டுத்தான் வந்தேன்.” முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். “அன்னைக்குச் சொன்னதுக்கு நான் மாப்பு கேக்க மாட்டேன். நாளைக்கு மறுபடி இப்படியொரு நோவு வந்தாலும் போயிச் சொல்லத்தான் செய்வேன். அதுக்காக உன்னய வெறும் வாசல்ல அனுப்பிப்போடுவனா?”

மஞ்சள் பையைத் திறந்து பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை எடுத்து என் கைகளில் அடுக்கினார். அப்புறம் தட்டை எடுத்து, அம்மாவிடம் ரெண்டு கரண்டி புளிச்சோறு கேட்டு வாங்கி, வாசலில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டபடியே ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூலை வீட்டிலிருந்து ஒருத்தி தன் தட்டோடு எட்டிப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரி. பிறகு குழந்தைகள். ஒரு வீட்டுக் கதவு மட்டும் நாங்கள் வேன் ஏறும்வரை திறக்கவே இல்லை. அவர்கள் வீட்டில் என்ன கஷ்டமோ, அக்கா அந்த வீட்டுக்கும் ஒரு கிண்ணம் தேங்காய்ச்சோறு படியில் வைத்துவிட்டு வந்தார். அம்மா கரண்டியும் கையுமாக அழுதுகொண்டே பரிமாறினாள். அப்பா, ‘இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க’ என்று எல்லாரையும் தொந்தரவு செய்துகொண்டிருந்தார். சோறு மிஞ்சவே இல்லை.

அடுத்த மாதம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் ஆளாகப் பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்தது அந்த அக்காதான். இந்தத் தடவை மகளையும் கூட்டி வந்திருந்தார். இழுப்புக்காரப் பெண், கையை மூன்று முறை கழுவிவிட்டு வந்து என் குழந்தையின் விரலைத் தொட்டுப் பார்த்தாள்.

அதன் பிறகு எத்தனையோ பேர் பயந்து ஒதுங்குவதைப் பார்த்துவிட்டேன். முன்பெல்லாம் உடனே கோபம் வரும். இப்போது வருவதில்லை. பயமும் பாசமும் ஒரே மனுஷிக்குள் சேர்ந்தே குடியிருக்கும் என்பதையும், பயம் போன பிறகு வருகிறவர்களைவிட, பயந்துகொண்டே வந்து நம் வாசலில் நிற்கிறவர்கள் எவ்வளவு பெரியவர்கள் என்பதையும் அன்று அந்த நடுங்கிய கையில்தான் நான் பார்த்தேன்.