துரையின் முரட்டு விசை

எங்கள் தோட்டத்து மனேஜர் துரைக்குக் குறி பார்த்துச் சுட வராது. தோட்டம் முழுக்க இதைச் சிரித்துக்கொண்டே சொல்லும். ஏனென்றால் அதனால்தான் நாங்கள் குடியிருந்த லயத்து நாய்கள் உயிரோடு இருந்தன. தொண்ணூறுகளின் நடுவில், குருவிட்டவுக்கு மேலே ரப்பரும் தேயிலையும் கலந்த தோட்டம் அது. நான் அங்கே தேயிலை பெக்டரியில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர். துரையிடம் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. பங்களாப் பூப்பாத்தியில் நாய் கால் வைத்தால் போதும், வராந்தாவில் நின்று சுடுவார். அதன் விசை, அதுதான் ட்ரிகர், அத்தனை முரடு. இழுக்க இழுக்கக் குழல் நடுங்கும், குண்டு எங்கேயாவது போய்விடும். நாய் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாக நடக்கும்.

அதில் முதல் குற்றவாளி எங்கள் வீட்டு நாய்தான். செம்மண் நிறப் பெட்டை. காலையில் என் பின்னாலேயே வந்து, பட்டறை மேசைக்கு அடியில் படுத்துக்கிடக்கும். பத்து மணித் தேத்தண்ணிக்கு என்னிடம் ரொட்டித் துண்டு வாங்கித் தின்றுவிட்டு, குறுக்கு வழியென்று பங்களாத் தோட்டத்துக்குள் புகுந்து வீடு போகும். எத்தனை தரம் விரட்டியும் கேட்காத சனியன்.

இப்படியிருக்க, ஒரு நாள் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். துரைமார் கிளப்பில் குறி சுடும் போட்டியாம். பக்கத்துத் தோட்டத்துத் துரை வருஷா வருஷம் கப்பைத் தூக்கிக்கொண்டு போகிறாராம். துப்பாக்கியைக் கொழும்புக்கு அனுப்பினால் யுத்தத்தால் வழியெல்லாம் செக்கிங், அதனால் நீயே அந்த ட்ரிகரை லேசாக்கிக் கொடு என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொழுந்து உருட்டுகிற ரோலரில் பேரிங் தேய்ந்து பெக்டரியே அதிர்கிறது. அதற்குச் சாமான் கேட்டு நான் எழுதிக் கொடுத்த துண்டு எந்த மூலையில் கிடக்கிறதோ தெரியாது. துப்பாக்கிக்கு மட்டும் அவசரம். ஆனாலும் துரை முன்னால் நின்று முடியாது என்று எங்கள் ஆட்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"சரிங்க தொர" என்றேன். வெளியே வந்த பிறகுதான், வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அடுத்த தலைவலி, அதை பெக்டரிக்குக் கொண்டுவருவது. அடையாள அட்டையை மறந்துவிட்டு இரத்தினபுரி பஸ்ஸில் ஏறினாலே பாதி நாள் பொலிஸில் குந்தியிருக்க வேண்டிய காலம். தமிழன் ஒருவன் தோளில் துப்பாக்கியோடு ரோட்டில் நடந்தால் கேட்கவா வேண்டும்? நான் தொடமாட்டேன் என்றுவிட்டேன். கடைசியில் சிங்களவரான பங்களா வாட்சர் அதைக் கொழுந்துச் சாக்கில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். "ஹெமீட்ட கரன்ன, பாஸ்" என்றார். மெதுவாகச் செய் என்று அர்த்தம். அவர் வீட்டிலும் நாய் இருந்தது.

அதற்குள் விஷயம் லயத்துக்குப் போய்விட்டது. போகிறவன் வருகிறவனெல்லாம் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தான். இறுக்கிவிடு, வளைத்துவிடு, ஒரு ஆணியைத் தொலைத்துவிடு. இரும்பையே தொட்டுப் பார்க்காதவனெல்லாம் பிட்டராகிவிட்டான். வீட்டுக்குப் போனால் பொண்டாட்டி அதற்கு மேல்.

"ஒரு சாமானக் கெடுக்க ஒங்களுக்குத் தெரியாதா? ஊட்டுல எத்தனயக் கெடுத்திருக்கீங்க!"

நானும் கெடுத்துவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். சத்தியமாக.

மறுநாள் கழற்றினேன். வந்தது வினை. உள்ளே விசையைப் பிடித்து நிறுத்துகிற கொக்கியின் விளிம்பு அரம் மாதிரி சொரசொரவென்று கிடந்தது. எவனோ அவசரத்தில் அராவிப் போட்ட வேலை. விசைக்குப் பின்னால் தேவையில்லாத தடிப்பில் ஒரு ஸ்பிரிங். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. என் மேசைக்கு வந்த சாமான் எதுவும் அப்படித் திரும்பிப் போனதில்லை. சும்மா கொஞ்சம் தேய்த்துப் பார்ப்போம் என்று தீட்டுகிற எண்ணெய்க் கல்லை எடுத்தேன். இந்தக் கையை வெட்டிப் போட்டால் தகும். மூன்று நாள் தேய்த்தேன். ஆபீசில் செத்துக் கிடந்த டைப்ரைட்டரிலிருந்து மெல்லிய ஸ்பிரிங் ஒன்றைக் கழற்றிப் போட்டேன். கடைசியில் விரலை வைத்தால் விசை வெண்ணெயில் போகிற மாதிரி போய், ஓரிடத்தில் நின்று, இன்னும் ஒரு துளி அழுத்தியதும் விழுந்தது. பெக்டரிக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டியை வைத்து ஐந்து தரம் சுட்டேன். ஐந்தும் பட்டது. வாழ்க்கையில் துப்பாக்கி பிடிக்காதவன் நான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற நாயும் வாலை ஆட்டியது.

போட்டிக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு கொடுத்தனுப்பினேன். ஆனாலும் நாயை வீட்டில் கட்டிப்போட்டேன். அது ஊளையிட்டு லயத்தையே இரண்டாக்கியது. ஞாயிற்றுக்கிழமை துரை போட்டிக்குப் போய் வெறுங்கையோடு வந்தார். காற்று அடித்ததாம். சரி, இத்தோடு துப்பாக்கி அலமாரிக்குப் போய்விடும் என்று நினைத்து, திங்கட்கிழமை காலையில் நானேதான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். பொண்டாட்டி வேண்டாம் என்றாள். கேட்டேனா?

பத்து மணிக்கு ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டு அது கிளம்பியது. பேரிங் சூடேறி ரோலரை நிறுத்தியிருந்தோம், அதனால் அந்தச் சத்தம் கேட்டது. எப்போதும் ஒரு 'டப்'போடு முடிந்துவிடும். அன்றைக்கு அதற்குப் பிறகு ஒரு அலறல் வந்தது. ஓடினேன். பங்களா வேலியோரம் முகத்தை மண்ணில் தேய்த்துக்கொண்டு கிடந்தது. இடது கண் போயிருந்தது.

நாயைச் சாக்கில் தூக்கிக்கொண்டு வரும்போது துரை வராந்தாவில் நின்றார். அது யாருடைய நாய் என்று அவர் கேட்கவில்லை.

"பிட்டர், ட்ரிகர் இப்ப ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

"சரிங்க தொர" என்றேன்.

வீட்டில் பொண்டாட்டி மஞ்சள் அரைத்துக் காயத்தில் பற்றுப் போட்டாள். திட்டியிருக்கலாம். நாய் பிழைத்துக்கொண்டது. காயம் ஆறியதும் பழையபடி என் பின்னால் வந்து மேசைக்கு அடியில் படுத்தது. இடது பக்கம் ரொட்டியை வைத்தால் அதற்குத் தெரியாது. குனிந்து வலது பக்கம் வைப்பேன். தலையை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்து வாலை ஆட்டும். அதற்கு என்மேல் கொஞ்சமும் கோபமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.